இந்துமதி எடுத்த பேர்

வேலையிடத்தில் முதலில் என்னைப் பார்த்தது
ஒரு காட்டெருமை.

எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.
கோத்தகிரியில் முதல் பேருந்தைப் பிடித்து
ஆறே முக்காலுக்கே
பூட்டிய கொட்டகை முன் நின்றேன்.
பிளாஸ்டிக் உறைக்குள் பி.காம். சான்றிதழ்.
காலில் சித்தி மகளின் செருப்பு, அரை அங்குலம் பெரிது.
பனி கொஞ்சம் விலகியதும்
தேயிலைக்கு நடுவே அது தலையைத் தூக்கியது.
நாலு காலிலும் வெள்ளைக் காலுறை,
அதுவும் நேர்முகத் தேர்வுக்கு வந்ததுபோல.
என்னை அறியாமல் துப்பட்டாவைச் சரிசெய்தேன்.
ஊக்கு குத்தியிருக்கிறதா என்றுகூடத் தொட்டுப் பார்த்தேன்.
அது புல்லை மென்றுகொண்டே இருந்தது.

நல்ல பேர் எடு, நல்ல பேர் எடு என்று
எல்லோரும் சொல்லித்தான் அனுப்பினார்கள்,
ஏதோ வாசலிலேயே குவித்து வைத்திருப்பதுபோல.

சூப்பர்வைசர் கனகசபாபதி சாவியோடு வந்தார்.
வருகைப் பதிவேட்டைத் திறந்து
'பேரென்னம்மா' என்றார்.
'இன்பவல்லி.'
மங்கி குல்லாய் காதை மூடியிருந்தது.
'இந்துமதி' என்று எழுதினார்.
முத்து முத்தான கையெழுத்து.
முதல் நாளே அவர் எழுதியதை அடிக்கச் சொல்வதா?
பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன்,
யாருக்கும் புரியாதபடி.

'முகம் சிரிச்ச மாதிரி இருக்கணும்.
தராசு சிரிக்கக் கூடாது.
மூட்டைக்கு ரெண்டு கிலோ ஈரக் கழிவு.'
வெளியே வெயில் வந்துவிட்டிருந்தது.
நாலு நாளாக மழை இல்லை.

பத்தரைக்கு முதல் மூட்டை, மாதியம்மாளுடையது.
முழங்கை வரை இலைக்குள் விட்டுப் பார்த்தேன்.
காய்ச்சல்காரர் அக்குள்போல வெதுவெதுப்பு,
ஒரு சொட்டு ஈரம் இல்லை.
முப்பத்தொன்று புள்ளி நாலு, அப்படியே எழுதினேன்.
பின்னால் ஒரு இருமல்.
அடுத்தது ஆலன். இருபத்தேழு.
இருமல் கொஞ்சம் கிட்டே வந்தது.
மூன்றாவதாகப் பவளராணி,
தோட்டத்து லயத்திலிருந்து,
குத்தகைக்கு எடுத்த கால் ஏக்கர் இலை.
தராசில் பதினெட்டு புள்ளி ஆறு.
அப்போது என் கையருகே
ஒரு டம்ளர் டீயை வைத்தார் கனகசபாபதி.
'ஆறிடப் போகுது, குடிம்மா.'

பதினாறு புள்ளி ஆறு என்று எழுதினேன்.

பவளராணி தராசைப் பார்த்தாள்.
சீட்டைப் பார்த்தாள்.
என் பெரிய செருப்பைப் பார்த்தாள்.
'புதுசா?'
'ஆமாக்கா.'
காலிச் சாக்கை உதறினாள்,
நாலாக மடித்தாள்,
அக்குளில் இடுக்கிக்கொண்டு ஏறிப் போனாள்.

அதன்பிறகு கை தானாகவே ஓடியது.
ரெண்டு, ரெண்டு, ரெண்டு.
மூன்று மணிக்கு என் முழுக்கைச் சட்டை
முழங்கை வரை பச்சை.
டீ நன்றாகத்தான் இருந்தது, சொல்ல வேண்டும்.

சாயங்காலம் பூட்டும்போது சொன்னார்:
'பரவாயில்லையே இந்துமதி,
சீக்கிரமே பழகிட்ட.'
இதைத்தானே எடுத்து வரச் சொன்னார்கள்.
எடுத்தாகிவிட்டது.
எடுத்தவள்தான் யாரோ.

ராத்திரி சட்டையைத் தேய்த்தேன், கறை போகவில்லை.
படித்த புத்தி சும்மா இருக்குமா,
கணக்குப் போட்டது.
நாற்பத்து மூன்று மூட்டை.
முதல் இரண்டு போக, எண்பத்திரண்டு கிலோ.
என் எடையே நாற்பத்தாறுதான்.

மறுநாளும் அதே பேருந்து.
அதே பூட்டு, அதே பனி.
நேற்றைய எருமைதானா தெரியவில்லை,
எல்லாமே காலுறை போட்டிருக்கின்றன.
துப்பட்டாவைத் தொடவில்லை நான்.
பேனாவை மட்டும் எடுத்து
உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன், எழுதியது.

'இன்பவல்லி' என்றேன் அதனிடம்.
'த. இன்பவல்லி.'
ஒரு காது ஆடியது.
கீழே கொண்டை ஊசி வளைவில்
கனகசபாபதியின் பைக் சத்தம்.
குல்லாயை நினைத்துக்கொண்டு
இன்னொரு தடவை,
கொஞ்சம் உரக்கச் சொல்லிப் பார்த்தேன்.