கழித்தல் கணக்கு

சுற்றறிக்கையில் இந்த வருசம் ஒரு வரி புதுசு:
யார் மேலே நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டாம்,
மூன்று ஆண்டில் எவ்வளவு ஏறினார்கள் என்று பார்க்கவும்.

பந்தலூர் ஆபீஸில்
கம்ப்யூட்டர் எனக்கு, ஹீட்டர் அதிகாரிக்கு.
ஆடி மழையில் கரண்ட் வந்துபோகும் இடைவெளிகளில்
நாற்பத்தொரு பள்ளிகளைக்
கழித்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஸ்டாண்டு எதிரே உள்ள பள்ளி
அன்றும் தொண்ணூற்றாறு, இன்றும் தொண்ணூற்றாறு.
கழித்தால் சைபர்.
இரண்டு முறை தட்டிப் பார்த்தேன்.
ஷீல்டு வைக்கவே தனி அலமாரி அடித்தவர்கள்.

மூணாம் டிவிசன் லைன் பள்ளி
பதினொன்றிலிருந்து நாற்பத்தேழு.
"நாற்பத்தேழுக்கா பரிசு?" என்றார் அதிகாரி.
அந்தப் பதினொன்றை எனக்குத் தெரியும்.
நான்தான் டைப் அடித்தேன்.
இரண்டாம் வகுப்பு அம்மிணி
விடைத்தாள் முழுக்க ட எழுதியிருந்தாள்.
வேறொன்றுமில்லை.
கோடு தாண்டாமல், வரிசை கலையாமல், ட.

சரிபார்க்கக் கொளுந்து லாரியில் ஏறிப் போனேன்.
பெள்ளிராஜ் சார்
வகுப்புக்குள்ளேயே குடை பிடித்திருந்தார்.
எப்படி சார் ஏறிச்சு?
"மணியைப் பத்துக்குத் தள்ளினேன்.
அதுக்குள்ள யானை சோலைக்குள்ள போயிடும்,
பிள்ளைங்க வந்துடும்.
வந்தா படிக்கும்.
இதை எழுதிடாதீங்க, ஒன்பது பத்துதான் விதி."

படிவத்தில் ஒரு கட்டம்:
மேற்கொண்ட புதுமை முயற்சிகள்.
'செயல்வழிக் கற்றல்' என்று நிரப்பினேன்.
எல்லாப் பள்ளிக்கும் அதைத்தான் நிரப்புகிறேன்.

திரும்பும்போது வளைவில்
வனத்துறை போர்டைப் படித்துக்கொண்டு நின்றாள் அம்மிணி.
படிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.
'இரவில் நடமாட்டம்' வரை ஒரே மூச்சு.
அந்தச் சொல்லில் மூன்று ட, அவளுக்குப் பழகின ஆள்.
'தவிர்க்கவும்' வந்ததும்
ர்க் என்ற இடத்தில் கால் வழுக்கி
நின்று
மறுபடி ஏறினாள்.

பினீஷ் வரிசைதான் தகராறு.
முதல் வருசம் முப்பது, இந்த வருசம் காலி.
மெஷின் மைனஸ் முப்பது என்றது.
அப்பா திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனபோது
கூடப் போனவன். டி.சி. வாங்கவில்லை.
அவனை எடுத்துவிட்டால் பள்ளிக்கு முதலிடம்,
வைத்தால் இரண்டாமிடம்.
ஒரு விரல் வேலை.
சாருக்கு போன் போட்டேன்.

சிக்னல் போய்ப் போய் வந்தது.
"இருக்கட்டும் தம்பி.
தீபாவளிக்கு வருவான்னு
அவன் தட்டைக்கூட இன்னும்
சத்துணவு அக்கா கழுவி வைக்கிறாங்க."

இரண்டாமிடத்துக்கு ஷீல்டு கிடையாது.
ஒரு தாள், அதிகாரி கையெழுத்து, முத்திரை.
என் காசில் லேமினேஷன் போட்டு
லாரிக்காரரிடம் கொடுத்தனுப்பினேன்.
அங்கே எந்தச் சுவரில் மாட்டினாலும்
ஒழுகும்.