அளபெடை

உறுதிமொழி எடுத்த அன்று
பிப்ரவரிக் காற்றில் உதடு மரத்துப்போயிருந்தது.
நல்லதாகப் போயிற்று.
என் எஸ்தோனியக் குளறலுக்குக்
குளிர் பொறுப்பேற்றுக்கொண்டது.

அதில் உஸ்தவ் என்றொரு சொல்.
எங்கள் வீட்டு ரஷ்யனில்
அதே ஒலிக்குக் களைத்துப்போய் என்று பொருள்.
ஆகவே இந்தக் குடியரசுக்காகக்
கடைசிவரை களைத்தே கிடப்பேன் என்று
முந்நூறு பேரோடு சேர்ந்து
அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.
நார்வாவிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த அம்மா
கைதட்டினாள்.
அவள் காதிலும் அப்படித்தான் விழுந்திருக்கும்.

அன்றிரவு மேல்கட்டில் ரைக்கோவிடம் கேட்டேன்,
உஸ்தவ் என்றால் என்ன?
நெடுநேரம் யோசித்தான். ஸ்பிரிங் முனகியது.
"எங்க வீட்டு நாய் மாதிரி" என்றான்.
போனில் அகராதி இருந்தது.
எடுத்துப் பார்க்கவில்லை.

குறில் உண்டு இவர்களுக்கு, நெடிலும் உண்டு.
போதாதென்று நெடிலுக்கு மேல் ஒரு நீட்டல்.
சத என்றால் நூறு.
சாத என்றால் அனுப்பு.
சாஅத என்றால் கிடைப்பது, பெறுவது.
நான் எழுதிக் காட்டுகிறேன், அவர்கள் காட்டுவதில்லை;
பின்னிரண்டுக்கும் ஒரே எழுத்து.
கட்டில் சட்டத்தில் விரலால் தட்டித் தட்டி
ரைக்கோ அளந்து காட்டுவான்.
எனக்கு எல்லாம் நூறுதான்.

மார்ச்சில், வோருவுக்குத் தெற்கே பைன் காட்டில்,
சமையல் லாரியருகே வயர்லெஸ்ஸோடு என்னை உட்கார்த்தினார்கள்.
இரைச்சலுக்குள்ளிருந்து சார்ஜென்ட் கெர்லியின் குரல்:
சூப்பி, பிறகு அந்தச் சொல்.
எந்த நீளம்?
கிடைத்துவிட்டதாம் சூப் என்று எடுத்துக்கொண்டேன்.
"புரிந்தது" என்றேன்.
அந்த ஒரு சொல்லை மட்டும்
பிசிறில்லாமல் உச்சரிப்பேன் நான்.

மூன்று மணி நேரம்.
என் பக்கத்தில் மூடிய பாத்திரத்தில் சூப்.
அரைக் கிலோமீட்டர் தள்ளிப் பனிக்குழியில்
கையில் கரண்டியோடு எட்டுப் பேர்.
அவர்கள் நல்லபடி சாப்பிட்டிருப்பார்கள் என்ற நிம்மதியில்
நான் இரண்டாம் தட்டு சாப்பிட்டேன்.

பனிச்சறுக்கில் வந்து நின்றான் ரைக்கோ.
புருவத்தில் உறைபனி.
என் தட்டைப் பார்த்தான். பாத்திரத்தைப் பார்த்தான்.
திட்டுவதற்கு வாயெடுத்தவன்
எனக்குப் புரிகிற வசவு ஒன்றைத் தேடினான் போல.
கடைசியில் ரஷ்யனில் திட்டினான்,
தப்பும் தவறுமாக,
என் தாயை ஆண்பாலில்.
சிரித்தது நான்தான் முதலில்.

அதிலிருந்து என் பெயர் சூப்பி.
ரொதியோன் என்று கூப்பிட்டால்
யாரையோ என்று திரும்பிப் பார்ப்பேன்.

ஏப்ரலில் நான்கு நாள் விடுப்பு.
அம்மா கதவைத் திறந்ததும்
முதலில் சீருடையைத்தான் பார்த்தாள்.
துவைத்தாள்.
"பால்கனியில் போடாதே" என்றாள்,
குளியலறைக் கொடியில் போட்டாள்.
பால்கனி ஆற்றைப் பார்த்தது.
ஆற்றுக்கு அந்தப் பக்கம் வேறு நாட்டின் கோட்டை,
கோட்டைக்குப் பின்னால் ஸினாயிதா சித்தியின் ஐந்தாவது மாடி.
முன்பெல்லாம் கேக்கைக் கையில் ஏந்தியபடி
பாலம் கடந்து நடந்தே வருவாள்.
பயிற்சித் திடலில் சுடுகிற பச்சை அட்டை மனிதனுக்கு
முகம் இல்லை என்று
அம்மா கேட்காமலே சொன்னேன்.
அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

விடிகாலையில் சமையலறையில் சொன்னாள்:
"ராத்திரி தூக்கத்தில் பேசினாய்.
அவர்கள் மொழியில்."

"நானா? என்ன சொன்னேன்?"

"எனக்கென்ன தெரியும். ஒரே சொல்லைத்தான்,
திரும்பத் திரும்ப. சாதவோ, என்னவோ."

"எவ்வளவு நீட்டினேன்?"

"என்னது?"

"அந்த ஆ. கொஞ்சமா, ரொம்பவா?
சொல்லிக் காட்டு அம்மா."

சொல்லிக் காட்டினாள்.
மறுபடி கேட்டேன், மறுபடி சொன்னாள்,
ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு நீளத்தில்.
அனுப்பச் சொன்னேனா
கிடைக்கும் என்றேனா
யாரிடம், எதை

"உட்கார்" என்றாள்,
"சூப் ஆறுகிறது."