தகவல் போதாது

இஜோட்டி.
சாமி பெயர் இல்லை.
ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது,
இருபதாவது, இருபத்தைந்தாவது ஆங்கில எழுத்துகளை
ஒட்டிப் படித்தால் வருவது.
வில்லிவாக்கத்தில் எங்கள் அறைச் சுவரில்
மஞ்சள் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்.
பல் தேய்த்தபடியே பெனிட்டா கேட்பாள்:
"கூ, எஸ் எத்தனை?"
"பத்தொன்பது."
"அதுக்கு எதிர்?"
"ஹெச். எட்டு."
இருபத்தேழில் கழித்தால் போதும்,
எந்த எழுத்துக்கும் எதிரெழுத்து கிடைத்துவிடும்.
நுரையைத் துப்பிவிட்டு லேபுக்கு ஓடுவாள்.
அங்கே அவளுக்கு ரத்தத்தின் மேல் எண் ஒட்டுகிற வேலை.

சென்னையை ஒவ்வோர் எழுத்தாக
ஒரு படி முன்னால் தள்ளினால்
டிஃபூப்ஜ்.
அப்படி ஓர் ஊர் இருந்தால்
பத்து மாத அட்வான்ஸ் கேட்க மாட்டார்கள் என்று
ஒருநாள் ராத்திரி சிரித்துக்கொண்டே கிடந்தோம்.

கோகிலா என்பதை ஆங்கிலத்தில் எழுதிக் கூட்டினால்
ஐம்பத்தொன்பது.
போன தடவை நான் எடுத்ததும் ஐம்பத்தொன்பது.
கட்-ஆஃப் ஐம்பத்தொன்பதே கால்.
ஒரு தப்புக்குக் கால் மார்க் பிடிப்பார்கள்.
எந்தத் தப்பு என்று
எட்டு மாதமாகத் தேடுகிறேன்.

இப்போது வாக்கியமாகத்தான் அதிகம் கேட்கிறார்கள்.
மூர் மார்க்கெட்டில் பாதி விலைக்கு வாங்கிய கைடில்
எனக்கு முன்னால் படித்த யாரோ
பென்சிலால் ஓரத்தில் எழுதியிருக்கிறார்கள்:
அர்த்தம் பார்க்காதே. பொதுச்சொல்லைப் பார்.
பாஸ் ஆனாரா, பழைய பேப்பரோடு போட்டுவிட்டுப் போனாரா,
அது எழுதியில்லை.

சரி.
அப்பா போனில்: ரிசல்ட் எப்போ வரும்.
சங்கேதம், நானே வைத்தது: கூ பா நி.
கீழ்வீட்டு தனபாக்கியம், மூன்றாவது படியிலேயே நின்று:
வாடகை எப்போ வரும்.
சங்கேதம்: நி டோ கூ.

பா ரிசல்ட். டோ வாடகை.
அதுவரைக்கும் சுலபம்.
கூ, நி இரண்டும் இரண்டிலும் இருக்கின்றன.
எது எப்போ, எது வரும்?
ஐந்தாவது விடையைத்தான் குறிக்க வேண்டும்:
தகவல் போதாது.
அப்பாவிடமும் அதையே சொன்னேன்.
கொஞ்ச நேரம் அவர் பேசவில்லை.
சிவகாசியில் பேப்பர் வெட்டுகிற மிஷின்
போனுக்குள் இறங்கி இறங்கி ஏறியது.

மே மாதம். விடிகாலை நாலரை.
தெருமுனை வரை நீலக்குடம், ஆரஞ்சுக்குடம்,
மூடி தொலைந்த பெயின்ட் வாளி.
எனக்கு முன்னால் பதினேழு.
பதினேழு என்றால் க்யூ.
க்யூவில் நின்று கண்டுபிடித்ததை
யாரிடமும் சொல்ல முடியவில்லை, பெனிட்டா தூங்குகிறாள்.

லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர்
இருட்டைப் பார்த்துச் சொன்னார்:
"தண்ணி லாரி வரும்."
சங்கேதம்: லெ நி ஸா.

நி!
பேனா இல்லை. குடத்தின் தூசியில்
விரலால் போட்டுப் பார்த்தேன்.
நி என்றால் வரும்.
அப்படியானால் மிச்சமிருக்கும் கூ
எப்போ.

கூ, எஸ் எத்தனை.
கூ, சாப்பிட்டியா.
கூ, லைட்டை அணை, காலை ஷிஃப்ட்.
மூன்று வருஷமாக அவள் என்னைக் கூப்பிடுவது
அதுதானா.

லெ, ஸா இன்னும் பாக்கி.
எது தண்ணி, எது லாரி?
இன்னொரு வாக்கியம் வேண்டும்.

முனையில் ஹெட்லைட் திரும்பியது.
"தண்ணி வந்திடுச்சு!"
யார் கத்தியதோ, பதினேழும் கலைந்தது,
வாளி ஒன்று உருண்டு சாக்கடைக்குள் போனது.
இந்த வாக்கியத்தில் நி இல்லை.
புதிதாக ஒரு சொல் இருக்கிறது,
அதற்கு நான் சங்கேதம் எதுவும் வைத்திருக்கவில்லை.

மாடியில் ஜன்னல் திறந்து,
தலை கலைந்த பெனிட்டா:
"கூ! குடத்தை நீட்டுடி!"

நீட்டினேன்.
தூசியில் போட்ட கணக்கின் மேல்
தண்ணீர்
முதலில் விழுந்தது.