தேய்பிறை அச்சு

கிளிநொச்சியில் போன் திருத்துகிற கடையில்
பதினெட்டாயிரத்துக்கு வாங்கின பழைய டப்.
முன்பு வைத்திருந்த பிள்ளை ஒட்டின தேவதை
பின்பக்கம் பாதி உரிந்தபடி கிடக்கு.
பகலில் மல்லாவி ஆசுபத்திரி மருந்து யன்னலில்
குளிசை எண்ணுவது என் வேலை.
இரவில் படம் கீறுவதும் குளிசையில்தான்,
ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர்.

அதற்கென்று விற்கிற பேனையின் விலை கேட்டுவிட்டு
பேசாமல் வீட்டுக்கு வந்தேன்.
மை முடிந்த பேனைக் கோதுக்குள் ஈரப் பஞ்சு,
சுற்றிவர சொக்லேட் தாள்.
பஞ்சு காய்ந்தால் கோடு நடுவழியில் நின்றுவிடும்.
பக்கத்தில் ஒரு மூடியில் தண்ணீர் வைத்து
கண்ணாடியில் கீறவும்
தூரிகை போலத் தோய்த்துத் தோய்த்துக் கீறுகிறேன்.

வெறும் குளிசை அட்டைகளை நான் எறிவதில்லை.
பத்துக் குழி, பத்து நிறம்.
சலரோக அட்டையில் கிரவல் சிவப்பு,
பிரசர் குளிசையின் குட்டிக் குழிகளில்
மஞ்சள், கரி, வேட்டிக்குப் போடுகிற நீலம்.
பசை கூடினால் வெடிக்கும். குறைந்தால் உதிரும்.
சரியான அளவு இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.

ரெசின் வார்த்தது ஒரே ஒருமுறை.
ஒரு பாலைப்பழத்தைப் பதித்து
சாவிக்கோர்வை செய்வதாகத் திட்டம்.
நாலு நாளாகியும் இறுகாத அதில்
ஓர் எறும்பு நடந்துவந்து நடுவில் நின்றது.
ஐந்தாம் நாள் இறுகியது, எறும்போடு.
பழம் கறுத்துப் போச்சு. எறும்பு வடிவு.
கெங்காதரன் அண்ணையின் மோட்டார்சைக்கிளில்
இப்பவும் அது ஆடிக்கொண்டு திரியுது.

வவுனிக்குளக் கட்டைத் திரையில் கீறிய இரவு
அந்த மண்ணின் நிறம் வரமாட்டேன் என்றது.
செங்கல் வந்தது, மிளகாய்த்தூள் வந்தது,
யாரோ ஒருவரின் கலியாணச் சேலை வந்தது.
மறுநாள் ஒரு கிள்ளு கிரவலைக்
குளிசைப் பையில் கொண்டுவந்து
திரையிலேயே தூவி ஒப்பிட்டேன்.
நிறம் பிடித்தது.
துடைத்தேன். கீறல் விழுந்தது.
பின்னோக்கிய அம்புக்குறியை அழுத்தினேன், அழுத்தினேன்,
கட்டுப் போனது, குளம் போனது,
வெறும் தாள் வந்தது,
கீறல் அப்படியே கிடந்தது.

அன்றிலிருந்து என் வானம் எல்லாவற்றிலும்
குறுக்கே ஒரு மின்கம்பி.
அதில் ஓர் இரட்டைவால் குருவியை இருத்திவிடுவேன்.
அச்சுக்குக் கொடுத்தால் கம்பி வராது.
குருவி
காற்றில் குந்திக்கொண்டிருக்கும்.

மருந்துப் பையில் வேளையைப் படமாகப் போடலாம்
என்ற யோசனையும் என்னுடையதுதான்.
காலைக்குச் சூரியன், இரவுக்குப் பிறை.
திரையில் கீறி, தாளில் எடுத்து,
இறப்பர்ச் செருப்பின் இடக்கால் அடியில் ஒட்டி
சவர அலகால் வெட்டினேன்.
இரண்டு வாரம் குத்தினேன். பெருமையாக இருந்தது.

பிறகு செபமாலை வந்தார்.
யானைக்கு வெடி கொளுத்தி வயல் காக்கிறவர்,
கண் இன்னும் நித்திரையில்.
"தங்கச்சி, இந்தக் குளிசையை
விடியப்புறம் நாலு மணிக்கு எழும்பிப் போடுறது
பெரிய கரைச்சலாக் கிடக்கு."
நாலு மணியா? ஆர் சொன்னது?
பையைத் திருப்பிக் காட்டினார்.
"இது தேய்பிறையெல்லோ.
நாலு மணிக்கு முதல் இது எங்கை எழும்பும்?"

பகிடியா, உண்மையா,
அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை.
அச்சு இடம் வலம் மாறும் என்பது
கைக்கண்ணாடி பார்க்கிற எனக்குத் தெரியாதா?
சூரியனுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான்,
அது என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

திரையில் ஒரு தட்டு, பிறை திரும்பிவிட்டது.
செருப்பில் அப்படி ஒரு பொத்தான் இல்லை.
வலக்காலையும் எடுத்து வெட்டினேன்.
இப்போது முதலாவது பையை
செபமாலைக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன்.

நாளைக்குச் சந்தையில் ஒரு சோடி வாங்கவேணும்.
நிறம் எதுவென்றாலும் சரி.
அடி மட்டும் நல்ல தடிப்பாக.