ஒன்று கூட

மோனிங்சைட் வீதி, ஸ்காபரோ, பத்தாம் மாடி.
வெளியே பெப்ரவரிப் பனி பக்கவாட்டில் பெய்கிறது.
உள்ளே நாலு பேர், ஒரு மேசை, முந்நூற்றிநாலு.
சேந்தன் சீட்டைக் குலைக்கிறான்.
விரல்கள் கட்டை. மெல்லத்தான் குலையும்.
அவசரப்படுத்தக் கூடாது.
அது அவன் போட்ட சட்டம்.

புதிதாய் வந்திருக்கும் குகதாசன் அண்ணை
அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.
மேல்நோக்கிச் சரிந்த கண், சின்னக் காது,
உள்ளங்கைக்குக் குறுக்கே ஒற்றை ரேகை.
பிறகு என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி:
"உது உங்கட வழியோ, தயாவின்ர வழியோ?"

பத்தொன்பது வருசத்துக்கு முன்னர்
ஆஸ்பத்திரி மேசையில் ஒரு படம் வைத்தார்கள்.
கறுப்புப் புழுக்கள் மாதிரி,
சோடி சோடியாய், நிரை நிரையாய்.
இருபத்திமூன்று சோடி,
எல்லோருக்கும் நாற்பத்தாறு என்றா டொக்டர்.
இருபத்தோராம் இடத்தில் அவவின் பென்சில் நின்றது.
அங்கே மூன்று.
"டவுன் சின்ட்ரோம்," என்றா. "இதுதான் அது."

எனக்குச் சீட்டாடுகிற கை.
பிழையாய்ப் போட்ட கட்டை வாரியெடுத்து
இன்னொருக்கால் குலைத்துப் போடத் துடித்தது.

தயா எட்டு நாள் கணக்குப் பார்த்தாள்.
தின்ற பப்பாசி. தூக்கிய அரிசி மூட்டை.
கிரகணத்தன்று வேலைக்குப் போன பஸ்.
ஏழாம் மாதம் எனக்குக் கேட்கக் கத்திய ஒரு கத்தல்.
டொக்டர் ஒவ்வொன்றாய்க் கேட்டுவிட்டு
ஒவ்வொன்றுக்கும் இல்லை என்றா.
கலம் பிரியும்போது ஒரு சோடி பிரிய மறந்துவிடும்.
அவ்வளவுதான். தாய்க்கு வயது ஏற ஏற வாய்ப்புக் கூடும்,
ஆனால் தயாவுக்கு அப்போது இருபத்தேழு.
மிகச் சிலரைத் தவிர, வழிவழியாய் வருவதும் இல்லை.

இதை அண்ணைக்குச் சொல்லலாம்.
நோயில்லை, தொற்றாது, மாற்ற மருந்தில்லை என்றும்
சொல்லலாம். நாக்கு நுனிவரை வருகிறது.

ஈரத் துவாயைப் போல என் தோளில் கிடந்தவன்.
தசைக்கு இறுக்கம் போதாது என்றார்கள்.
இதயத்தில் ஒரு ஓட்டை,
நாலாம் மாதம் தைத்தார்கள்.
இரண்டரை வயதில், கீழ்மாடிச் சலவை அறையில்,
உலர்த்தும் மெசினின் சூட்டைப் பிடித்துக்கொண்டு
முதலாம் அடி.
இரண்டாம் அடிக்கு இன்னும் பதினொரு நாள்.

"கடவுளின்ர பிள்ளை, கோபமே வராது," என்றார்கள்.
குளியலறைக் கதவின் பிணைச்சலை வந்து பாருங்கள்.
பள்ளியில் ஒரு பெட்டை போன் எடுக்கவில்லை என்று
அடித்துச் சாத்தியது.
காலையில் தைரொயிட் குளிசையைத் தானே போடுவான்,
போட்டுவிட்டு என் பிரஷர் குளிசையை
என் முன்னால் வைத்துக் காவல் நிற்பான்.
ஆட்டத்தில் களவு செய்வான்.
மணலைத் தொடைக்குக் கீழே ஒளிப்பான்.
பிடித்தால், "விழுந்தது," என்பான்.

முதல் சுற்றுப் போட்டாயிற்று. ஆளுக்கு நாலு.
அண்ணை கையை விரித்து எண்ணுகிறார்,
மறுபடி எண்ணுகிறார்.
"தம்பி, எனக்கு அஞ்சு கிடக்கு. ஒண்டு கூட."

தயா என்னைப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை.
குளிரூட்டிப் பெட்டி மட்டும் உறுமுகிறது.

"அப்ப திருப்பிக் குலைக்கவேணும் என்ன?" என்கிறார்,
சொன்ன பிறகுதான் அவருக்கே ஏதோ உறைக்கிறது.

சேந்தன் கையை நீட்டுகிறான்.
"குலைக்க வேண்டாம். தாங்கோ.
அது என்ர."

வாங்கிப் பார்த்து, தன் மூன்றோடு செருகி,
மேலிருந்து கீழாய் அடுக்குகிறான்.
வீறாயிருக்குமோ, வெறும் ஏழோ,
அந்த முகத்தில் ஒன்றும் படிக்க முடியாது.
நல்ல ஆட்டக்காரன்.

பிறகு குகதாசன் அண்ணையை நேரே பார்க்கிறான்.

"இனிக் கேளுங்கோ."