காலித் தட்டு

செல்லூரில், விசைத்தறிக் கூடத்து மாடியில் ஒத்திகை.
வாடகை குறைவு. கீழே எட்டுத் தறி ஓடுவதால்.
எங்களுக்கு அதுதான் பீட்,
தரை வழியே உள்ளங்காலில் ஏறும்.

முதல் படியில் எல்லாரும் ஒரே மாதிரி ராப் பாடினார்கள்.
பூ வியாபாரி, வட்டிக்காரன், அந்த ஏட்டு,
எல்லார் வாயிலும் என் எதுகை.
"அண்ணே, அத்தனை பேருக்கும் நீங்களே பேசுறீங்க"
என்றாள் ஜமீலா, வடையைக் கடித்தபடி.
அன்றிரவு பெரியார் நிலையத்தில் கடைசி பஸ்ஸை விட்டேன்.
முப்பது பக்கத்தைக் கிழித்தேன் என்று சொல்லிக்கொள்கிறேன்.
மடித்துத்தான் வைத்தேன்.

பூ வியாபாரி சுருளிக்கு
மூச்சு விட இடமே கொடுக்கவில்லை.
மாட்டுத்தாவணியில் விடிய மூன்று மணிக்கு
மல்லி கிலோ தொள்ளாயிரம்.
வெயில் வந்தால் நானூறுக்கும் ஆள் இல்லை.
ஆகவே அடிக்குப் பதினாறு அசை:
"மொட்டுக்கட்டு கட்டிப்புட்டுத் தட்டைத்தூக்கி எட்டிப்பாத்தா
வட்டிக்குட்டி போட்டுப்போட்டு வாசல்முட்டிச் சாச்சிப்போச்சே"
இருந்த வல்லினம் எல்லாம் அவனுக்கே போனது.
பல்லைக் கடிக்க வேண்டியவன் அவன்தானே.

வட்டிக்காரனுக்கு மெல்லினம்.
"நம்மாளும்மா நீங்க…"
இங்கே ஒரு தட்டு காலியாகப் போகும்.
"மனம் நொந்துறாம…"
இன்னொன்று.
"நாளைன்னா, நாளை."
தாளத்துக்கு ஒரு நூல் பின்னால் வருகிறான்.
இந்த நாடகத்தில் யாரையும் காக்க வைக்க முடிந்தவன்
அவன் ஒருத்தன்.

நடிப்பது ஒச்சுக்காளை.
பகலில் பைக்கில் சோறு கொண்டுபோய்க் கொடுக்கிறவன்.
பத்து நிமிடம் பிந்தினால் காசைப் பிடிப்பார்கள்.
பிந்தச் சொன்னால் பிந்த வரவில்லை அவனுக்கு.
மூன்று வாரமாகப் பீட்டுக்கு முன்னாலேயே
வாசலில் பொட்டலத்தோடு நின்றான்.

சுருளியின் மனைவி பேச்சிக்கு ராப் வேண்டாம் என்று
நான் முடிவு செய்திருந்தேன். அழுகை போதும்.
ஜமீலா சம்மதிக்கவில்லை.
"அவ அழ மாட்டா. கணக்குச் சொல்லுவா."
எதுகை வைத்து எழுதிக் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்தாள்.
"கணக்கு ஒத்துவராத வீட்டுல
எதுகை மட்டும் எப்படிண்ணே ஒத்துவரும்?"

வியாழக்கிழமை, ஆறரை மணி, கரண்ட் போனது.
எட்டுத் தறியும் நின்றன.
சுருளியாக நின்ற சேவியர், பதினோராவது அசையில்
ஊன்றக் கால் இல்லாதவன் மாதிரி தடுமாறி உட்கார்ந்தான்.
இருட்டில் ஒச்சுக்காளை ஆரம்பித்தான்,
எந்த அவசரமும் இல்லாமல்:
"நம்மாளும்மா நீங்க…"

அந்தக் காலித் தட்டை என் கால் தட்டியது.
சேவியரின் காலும்தான், கேட்டது எனக்கு.
தறி இல்லை, பீட் இல்லை,
அவன் விட்ட இடத்தை
நாங்கள் அத்தனை பேரும் அவனுக்காக நிரப்பிக்கொண்டிருந்தோம்.
மயிர் கூச்செறிந்தது.
மூன்று வாரம் நான் விளக்கியது இதைத்தான்,
எனக்கே அப்போதுதான் விளங்கியது.

"மனம் நொந்துறாம…"
"ஏழாயிரத்து இருநூறு."
ஜமீலா. சரியாக அந்தத் தட்டில்.
"நாளைன்னா…"
"தை மாசம் ரெண்டு. மாசி ஒண்ணரை. வாங்குனது அஞ்சுதான்."
"நா…"
"பங்குனி சொல்லவா?"
ஒத்துவராத எண்கள், ஒவ்வொன்றாக,
அவன் காலியாக வைத்திருந்த இடத்தில் வந்து உட்கார்ந்தன.
வட்டிக்காரன் முதல்முறையாகத் தன் இடம் எது என்று தேடினான்.

கரண்ட் வந்தது.
தறிகள் ஒன்றாகக் கிளம்பவில்லை;
ஒன்று, பிறகு மூன்று, பிறகு எது என்று தெரியவில்லை.
கொஞ்ச நேரம் யாருக்கும் தாளம் இல்லை.
'இங்கே மின்சாரம் போகிறது' என்று பிரதியில் எழுதினேன்.
மேடையில் அதை எப்படிச் செய்வது? தெரியாது.

ஒச்சுக்காளையின் போன் அடித்தது.
கோரிப்பாளையம், இரண்டு பரோட்டா, ஒரு சால்னா.
படியில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கினான்.