ஒப்பீட்டுக் குழு, இலக்கம் 31

தாளை வெட்டியது நான்.
ஐந்து சதக் குற்றியளவு வட்டம்,
மணிக்கட்டில் ஒட்டுவதற்கு ஒரு வால்.
மூன்று மாதம் அந்த வாலுக்கே போயிற்று.
வியர்வையில் கழன்றது, மழையில் கழன்றது,
இடுப்புப் படங்கின் முனை உரசியும் கழன்றது.
ஒன்பதாவது வடிவம்தான்
அந்திக் கொழுந்து நிறுக்கும்வரை நின்றது.

தாளில் ஊறியிருந்த நொதி ரிஸ்வானாவின் பங்கு.
பேராதனையிலிருந்து ஐஸ் பெட்டியை
மடியில் அணைத்தபடி மூன்று பஸ் மாறி வருவாள்.
நம் நரம்புக்குள்ளும் இதுதான் வேலை செய்கிறது என்பாள்:
மடங்கிய விரலுக்குப் போதும் என்று சொல்வது இது.
இது இல்லாவிட்டால்
கிள்ளிய கொழுந்தைக் கை விடாது.
பூச்சி மருந்து முதலில் இதன் வாயைத்தான் கட்டும்.

சொட்டு விட்டுக் காத்திருக்க வேண்டும்.
நொதி உயிரோடிருந்தால் தாள் நீலமாகும்.
செத்திருந்தால் வெள்ளை.
இரசாயனம் அவ்வளவுதான்.

மிச்சத்தை மஸ்கெலியா பார்த்துக்கொண்டது.
டிஸ்பென்சரி மேசைக் குளிரில் நொதியும் விறைத்தது;
பதினைந்து நிமிடம் நாற்பதாகியது.
ரிஸ்வானா தாள்களைப் பொலித்தீனில் சுற்றிக்
கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தாள்.
ஆய்வு முறை என்ற பகுதியில்
'முப்பத்தாறு பாகையில் பேணப்பட்டது'
என்று எழுதினோம்.

மருந்தடிக்கும் இருபது பேர்.
மருந்துப் பக்கமே போகாத இருபது பேர், ஒப்பீட்டுக்கு.
வைத்தியர் சுகந்தினி படிவத்தை வாசித்தார்:
தலைச்சுற்று? கண் மங்கல்? வாயில் எச்சில் ஊறுதல்?
"எல்லாம் இருக்கு டொக்டர்.
இல்லாதத கேளுங்க, சொல்றேன்,"
என்றார் இலக்கம் 7, ஞானப்பிரகாசம்.

இலக்கம் 31, தவமலர்.
பிள்ளை பெற்று ஐந்து மாதம்,
மலைக்குப் போவதில்லை, வீட்டில்தான்.
அவளுடைய தாள் நீலமாகவில்லை.
குளிர் என்று நினைத்தோம்.
மறுநாள் புதுத் தாள், புதுச் சொட்டு. வெள்ளை.
மூன்றாம் நாள் பக்கத்தில் இன்னொரு தாளையும் வைத்தோம்.
அது மெல்ல மெல்ல நீலமேறிற்று,
பின்னேரத்து நீர்த்தேக்கம் மாதிரி.
அவளுடையது விடிந்தபடியே கிடந்தது.

குனிந்து பார்த்துச் சிரித்தாள்.
"என்னோடது சுத்தமா இருக்கு, என்ன?
இந்த நீலம் யாரோடது? பாவம்."

அது என் கையிலிருந்து கழற்றியது.

யாரும் பேசவில்லை.
மடியிலிருந்த பிள்ளை
அவள் மணிக்கட்டில் அன்று ஒட்டிய தாளின்
வாலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.
கழரவில்லை.
நல்ல வடிவம்.

சுகந்திதான் கேட்டார்,
படிவத்தில் இல்லாத ஒரு கேள்வி:
வீட்டில் யார் உடுப்புக் கழுவுவது?
"நான்தான். பீலியடியில.
அவரு வேல சட்டைய
மொதல்ல ஊறப்போட்டுத்தான் மத்ததெல்லாம்."
அவர் என்றால் இலக்கம் 7.

பொருந்தாத தரவு, நீக்கிவிடுங்கள்
என்று மேற்பார்வையாளர் மின்னஞ்சல் எழுதினார்.
நான் பதில் எழுதவில்லை; மை கலக்கிக்கொண்டிருந்தேன்.
நீலமாகும் தாளின் அதே நீலத்தில்
முன்கூட்டியே ஒரு அடையாளம் அச்சிட வேண்டும்.
கை சுத்தமென்றால் நீலம் பரவி அதை மூடிவிடும்.
நஞ்சென்றால் அடையாளம் அப்படியே நிற்கும்,
வெள்ளையின் நடுவில்.

என்ன அடையாளம்?
மண்டையோடு வேண்டாம் என்றார் ஞானப்பிரகாசம்.
அது எல்லா மருந்துக் கேனிலும் இருக்கிறதாம்,
கழுவிய கேனில்தான் தண்ணீர் பிடிக்கிறார்களாம்.
தவமலர் என் பேனையை வாங்கி
ஒரு வாளி கீறினாள். கைப்பிடி கோணல்.
அந்தக் கோணலைத் திருத்தாமலே அச்சுக்குக் கொடுத்தேன்.

நேற்றிரவு அட்டவணையைத் திறந்தேன்.
31ஐ அழிக்கவில்லை. 7க்குக் கீழே நகர்த்தினேன்.
அப்புறம் 24. அப்புறம் 36, அவளும்
யாருடையதோ சட்டை துவைப்பவள்.
ஒப்பீடு என்ற நிரலில்
பெயர்கள் ஒவ்வொன்றாய் வெளியேற
கட்டங்கள் வெள்ளையாகிக்கொண்டே வந்தன.